தறிக்குழியில் ஊறும் தண்ணீர்

காஞ்சிபுரத்துக்குப் பட்டுப்புடவை எடுக்கப் போகிறவர்கள் காந்தி ரோடு கடைகளோடு திரும்பிவிடுவார்கள். நேரம் மிச்சமிருந்தால் காமாட்சி அம்மன், ஏகாம்பரநாதர், வரதராஜர். அதற்குமேல் கால் வலிக்கும், குழந்தை அழும். அடுத்த முறை போனால் ஒரு காரியம் செய்யுங்கள். ஊரைத் தாண்டி வேகவதி ஆற்றங்கரைக்குப் போங்கள். திருப்பருத்திக்குன்றம் என்று ஒரு சின்ன ஊர். பெயரில் பருத்தி, தறியில் ஓடுவதோ பட்டு!

அங்கே திரைலோக்கியநாதர் கோயில் என்று ஒரு சமணக் கோயில் இருக்கிறது. பல்லவர் காலத்திலிருந்தே சமணர்கள் வாழ்ந்த இடம் என்பதால் ‘ஜினகாஞ்சி’ என்று பெயர். கி.பி. 1387-ல் விஜயநகர மந்திரி இருகப்பர் கட்டிக்கொடுத்த சங்கீத மண்டபம் இன்றும் நிற்கிறது. அண்ணாந்து பார்த்தால் விதானத்தில் தீர்த்தங்கரர்களின் கதை, வண்ண ஓவியமாக.

சமணர்களுக்குக் காலம் என்பது ஒரு சக்கரம். பன்னிரண்டு ஆரங்கள். ஆறு ஆரங்கள் ஏறுமுகம், அதற்கு உத்சர்ப்பிணி என்று பெயர். ஆறு ஆரங்கள் இறங்குமுகம், அது அவசர்ப்பிணி. ஏறியது இறங்கும், இறங்கியது ஏறும். கணக்குத் தப்பவே தப்பாது.

கோயிலைப் பார்த்துவிட்டுத் தெருவில் நடந்தேன். ஐப்பசி மாதம். மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. ஒரு வீட்டுத் திண்ணையில் பெரியவர் ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தார். நெசவாளர். எழுபது வயது இருக்கும்.

‘‘தறி ஓடலீங்களா ஐயா?’’ என்றேன்.

‘‘எங்க தம்பி ஓட்டறது? குழியில தண்ணி ஊறிடுச்சு.’’

குழித்தறியைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். நெசவாளர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு, மிதிகளை மிதித்து நெய்வார். நிலத்தடி நீர் ஏறினால் அந்தக் குழியில் தண்ணீர் ஊறும். ஊறினால் வேலை நின்றது. வேலை நின்றால் கூலி நின்றது.

‘‘மழைதான் விட்டுடுச்சே?’’

‘‘விட்டா என்ன? குழியில ஊறுதுன்னா பூமி குடிச்சு முடிச்சிடுச்சுன்னு அர்த்தம். இனிமே பெய்யறது அத்தனையும் நேரா ஏரிக்குத்தான். இன்னும் ரெண்டே மழை. கலங்கல் போகும், பாருங்க.’’

பெரியவர் ஏரிக்கரைக்குப் போகவில்லை. டி.வி.யில் வானிலை பார்க்கவில்லை. தன் காலடியில் இருக்கும் ஒரு குழியைப் பார்த்து, ஏரியைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறார்!

இந்தப் பேச்சுக்குள் இருபதாம் நூற்றாண்டின் பெரிய கணிதச் சிந்தனை ஒன்று ஒளிந்திருக்கிறது என்றால் நம்புவீர்களா? ‘கேயாஸ் தியரி’ என்று பெயர். 2008-ல் வந்த ‘தசாவதாரம்’ படத்தில் கமல் புண்ணியத்தில் நம் எல்லோருக்கும் அறிமுகமான அதே சமாசாரம்தான். பட்டாம்பூச்சி சிறகடித்தால் எங்கோ புயல் அடிக்கும் என்பார்களே... அதேதான். அதை வைத்து ஏரியின் நீர்மட்டத்தை ஆராய்ந்திருக்கிறார்கள். பயந்துவிடாதீர்கள். நான் பி.காம். கணக்குக்கும் எனக்கும் இருந்த உறவு கூட்டு வட்டியோடு முடிந்துவிட்டது. இந்தக் கதைக்கு அதுவே போதும்.

*

ஏரி என்பது ஒரு பேரேடு. தொடக்க இருப்பு, வரவு, செலவு, இறுதி இருப்பு. மழையும் கால்வாயும் வரவு. பாசனம், ஆவி, மண்ணுக்குள் இறங்குவது எல்லாம் செலவு. இருப்பு என்னவென்று கரையிலிருக்கும் அளவுகல் சொல்லும். இவ்வளவு எளிமையான கணக்கு, அடுத்த வருஷம் எவ்வளவு இருக்கும் என்று கேட்டால் மட்டும் ஏன் கையை விரிக்கிறது?

மனிதர்கள் இதற்கு மூன்று பதில் வைத்திருந்தார்கள்.

முதல் பதில், சக்கரம். ‘பத்து வருஷத்துக்கு ஒருக்கா பெருமழை வரும்பா’ என்று டீக்கடையில் சொல்கிறார்களே, அது. இரண்டாவது, தாயக்கட்டை. இந்த வருஷம் விழுந்ததற்கும் அடுத்த வருஷம் விழப்போவதற்கும் சம்பந்தம் கிடையாது, எல்லாம் அதிர்ஷ்டம். மூன்றாவது, தெய்வம்.

மூன்றாவதற்கு இந்த வட்டாரத்திலேயே பிரமாதமான உதாரணம் உண்டு. மதுராந்தகம். 1790-களின் கடைசியில் செங்கல்பட்டு ஜாகீருக்குக் கலெக்டராக இருந்தவர் லயோனல் பிளேஸ். ஏரி உடைந்துவிடும் என்று ஊரே நடுங்கிய மழை இரவில், கரையில் வில்லோடு ராமரும் லட்சுமணரும் காவல் நிற்பதைக் கண்டார் என்பது தலைமுறைகளாகச் சொல்லப்படும் கதை. கோயிலில் தாயார் சன்னதியைக் கட்டிக்கொடுத்தவர் அவர்தான் என்று கல்வெட்டு இருக்கிறது. சாமிக்குப் பெயரே ‘ஏரி காத்த ராமர்’. கதை இருக்கட்டும். ஒரு ஜில்லாவையே ஆண்ட கலெக்டரால் அன்று ராத்திரி தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று சொல்ல முடியவில்லை. யோசித்துப் பாருங்கள்.

தாயக்கட்டைக் கட்சியை முதலில் ஆட்டம் காண வைத்தது நைல் நதி. ஹரால்ட் ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேயர் 1906-ல் எகிப்துக்கு வந்து, வாழ்நாளின் பெரும்பகுதியை அந்த நதிக்கே கொடுத்தார். ‘நைலின் தந்தை’ என்றே அவரை அழைத்தார்கள். கெய்ரோவில் ரோடா தீவில் நைல் நீர்மட்டத்தை அளக்கும் தூண் ஒன்று இருக்கிறது. அந்த இடத்தின் அளவுகள் கி.பி. 622-லிருந்து பல நூற்றாண்டுகளுக்குக் கிடைக்கின்றன. வரி போடுவதற்காக எழுதிவைத்த கணக்கு! தண்ணீர் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு விளைச்சல், அவ்வளவு வரி.

ஹர்ஸ்ட் அந்தக் கணக்குகளைப் புரட்டி 1951-ல் சொன்னது இதுதான்: நல்ல வருஷங்கள் நல்ல வருஷங்களோடு கூட்டாக வருகின்றன, வறட்சி வறட்சியோடு கூட்டாக வருகிறது. தாயக்கட்டை இப்படி விழாது. தண்ணீருக்கு ஞாபகம் இருக்கிறது!

சரி, ஞாபகம் இருந்தால் சக்கரம்தானே? வருவதை முன்கூட்டியே சொல்லிவிடலாமே?

அங்கேதான் வந்தார் லாரன்ஸ்.

*

எட்வர்ட் லாரன்ஸ், அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் வானிலை விஞ்ஞானி. 1961-ல் ஒரு நாள், கம்ப்யூட்டரில் விளையாட்டுபோல ஒரு குட்டி வானிலையை ஓடவிட்டிருந்தார். ஏற்கெனவே ஓட்டிய கணக்கை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்க்க ஆசை. முதலிலிருந்து ஓட்ட நேரமில்லை. பாதியில், அச்சாகி வந்த தாளில் இருந்த எண்ணைத் தட்டச்சுச் செய்துவிட்டுக் காபி குடிக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தால், பழைய வானிலையும் புதிய வானிலையும் கொஞ்ச தூரம் கைகோத்து நடந்து, பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆளுக்கொரு திசையில் போயிருந்தன.

என்ன தப்பு? கம்ப்யூட்டருக்குள் இருந்த எண் 0.506127. தாளில் இடம் போதாமல் 0.506 என்று அச்சாகியிருந்தது. அந்தக் குட்டி வித்தியாசம், மொத்த வானிலையையும் மாற்றிவிட்டது. 1963-ல் இதைக் கட்டுரையாக எழுதினார். பட்டாம்பூச்சித் தலைப்பில் அவர் பேசியது 1972-ல்.

இதை நம் பாஷையில் சொல்கிறேன். பிழை என்பது கடன். அது கூட்டு வட்டியில் வளர்கிறது. இன்று நீங்கள் செய்யும் சின்ன அளவுப் பிழை, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை இரட்டிக்கிறது என்று வையுங்கள். பத்து முறை இரட்டித்தால் என்ன ஆகும்? 1,024 மடங்கு! திருப்பிப் போட்டால் விஷயம் இன்னும் வேடிக்கை. உங்கள் அளவுகோலை ஆயிரம் மடங்கு துல்லியமாக்கினாலும், கூடுதலாகக் கிடைப்பது பத்து இரட்டிப்புக்கான அவகாசம்தான். எவ்வளவு பணம் கொட்டினாலும் வருங்காலம் கொஞ்சம்தான் விலைக்குக் கிடைக்கும்.

சக்கரக் கட்சி காலி. கவனியுங்கள், தாயக்கட்டைக் கட்சியும் ஜெயிக்கவில்லை. லாரன்ஸின் குட்டி வானிலையில் அதிர்ஷ்டம் என்று ஒரு துளிகூட இல்லை. எல்லாம் கறாரான விதி. விதி இருக்கிறது, ஆனால் தொலைதூரம் பார்க்க முடியாது. கேயாஸ் என்றால் இதுதான். குழப்பம் என்று மொழிபெயர்த்தால் தப்பாகப் போய்விடும்.

எல்லா விதியும் இப்படிக் குட்டிப் பிழையைப் பெரிதாக்காது. ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு என்று போகிற விதி சாது. ஒன்றுக்குச் சும்மா இருந்துவிட்டு, இரண்டுக்குத் திடீரென்று பத்தாகக் கொட்டுகிற விதி பொல்லாதது. விஞ்ஞானிகள் இதை ‘நான்லீனியர்’ என்பார்கள். நம் ஏரிகள் எல்லாமே அந்த ரகம். மேல் ஏரி நிரம்பும்வரை அதன் கலங்கலில் ஒரு சொட்டு வராது. நிரம்பிவிட்டால், வருவது அத்தனையும் கீழ் ஏரிக்கு. மண்ணும் அப்படித்தான். காய்ந்த பூமி முதல் மழைகளைக் குடித்துவிடும். நிறைந்த பூமி, ஒன்றையும் வைத்துக்கொள்ளாமல் தள்ளிவிடும். ஒரே அளவு மழைதான், ஐப்பசி ஆரம்பத்தில் பெய்தால் புல் முளைக்கும். கார்த்திகைக் கடைசியில் பெய்தால் கரை உடையும்.

பெரியவரின் தறிக்குழி ஞாபகம் வருகிறதா? பூமி குடித்து முடித்துவிட்டது என்றாரே!

*

இப்போது கதை அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்குப் போகிறது. அங்கே கிரேட் சால்ட் லேக் என்று ஒரு பிரம்மாண்டமான உப்பு ஏரி. ஆறுகள் உள்ளே வரும். வெளியே போக வழி கிடையாது. மதகு இல்லை, கலங்கல் இல்லை. வந்த தண்ணீர் ஆவியாகித்தான் போகவேண்டும். ஆராய்ச்சிக்காரர்களுக்கு இது வரப்பிரசாதம், ஏனென்றால் அந்த ஏரியின் பேரேட்டில் செலவுப் பக்கம் ரொம்ப எளிமை.

1847-ல் மார்மன் மதக்காரர்கள் அங்கே குடியேறினார்கள். நீர்மட்ட அளவுகல் நட்டது 1875-ல்தான். இடையில் 28 வருஷக் கணக்கு? கில்பர்ட் என்ற நிலவியல் அறிஞர் ஒரு காரியம் செய்தார். ஏரிக்குள் இருக்கும் தீவுகளுக்கு மாடு மேய்க்கப் போனவர்களைப் பிடித்து விசாரித்தார். ‘அந்த வருஷம் மணல்திட்டைக் கடந்தபோது தண்ணீர் எவ்வளவு ஆழம் இருந்தது?’ அவர்கள் ஞாபகத்திலிருந்து சொன்னதை வைத்துப் பழைய நீர்மட்டத்தைக் கணக்கிட்டார். இப்படியாக 1847-லிருந்து ஏரியின் பேரேடு தயார்.

1963-ல் அந்த ஏரி, அதுவரை இல்லாத அளவு வற்றியது. ஏரி இனி அவ்வளவுதான் என்று நினைத்தார்கள். தண்ணீர் பின்வாங்கிய இடங்களை ஒட்டிச் சாலையும் ரயில் பாதையும் தொழிற்சாலையும் இருந்தன. 1982-க்குப் பிறகு மழையும் பனியும் கொட்ட ஆரம்பித்தன. ஏரி ஏறியது, ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது. 1986-ல் 1963-ஐவிட 20 அடி உயரத்தில் நின்றது. தட்டுபோல ஆழமில்லாத ஏரி அது. 20 அடி ஏறினால் பரப்பளவு இரண்டு மடங்குக்குமேல் விரியும். நெடுஞ்சாலையை உயர்த்தினார்கள், ரயில் பாதையை உயர்த்தினார்கள். கடைசியில் சுமார் 6 கோடி டாலர் செலவில் ராட்சத பம்ப்புகள் வைத்து, தண்ணீரை மேற்கே பாலைவனத்துக்குள் இறைக்க முடிவு செய்தார்கள்.

பம்ப் ஓட ஆரம்பித்தது 1987 ஏப்ரலில். வேடிக்கை என்னவென்றால், ஏரி உச்சம் தொட்டுத் திரும்பியதும் அதே மாதம்! இரண்டு வருஷம் இறைத்துவிட்டு 1989-ல் பம்ப்பை நிறுத்தினார்கள். எப்போது ஏறும் என்று தெரியவில்லை, எப்போது இறங்கும் என்றும் தெரியவில்லை.

இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர்களில் ஒருவர் நம்ம ஊர்க்காரர். உப்மனு லால். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். யூட்டாவில் நீர்வளத் துறையில் இருந்தார். ஹென்றி அபர்பனல் என்ற இயற்பியல் பேராசிரியர், தாரெக் சங்கோயோமி ஆகியோருடன் சேர்ந்து, 1847 முதல் பதினைந்து நாளைக்கு ஒருமுறை என்று கிடைத்த ஏரிக் கொள்ளளவு எண்களைக் கேயாஸ் கண்ணாடி போட்டுப் பார்த்தார். கட்டுரைகள் 1996-ல் வெளிவந்தன.

அவர்கள் நம்பியது, 1981-ல் ஃப்ளோரிஸ் டாகென்ஸ் என்ற டச்சுக் கணிதமேதை நிரூபித்த ஒரு தேற்றத்தை. கேட்டால் மாயாஜாலம்போல இருக்கும். ஒரு சிக்கலான அமைப்பில் மழை, வெப்பம், காற்று, பனி என்று எத்தனையோ சங்கதிகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருக்கும். அத்தனையையும் அளக்க முடியாது. வேண்டாம் என்கிறார் டாகென்ஸ். ஒன்றே ஒன்றை மட்டும் விடாமல் நீண்டகாலம் அளந்து வாருங்கள். மற்றவற்றின் நடமாட்டம் அதற்குள்ளேயே பதிந்திருக்கும்.

நம்பமுடியவில்லையா? ஒரு மளிகைக் கடையின் கல்லாப்பெட்டி இருப்பை மட்டும் தினமும் எழுதி, பத்து வருஷ நோட்டை ஒரு நல்ல ஆடிட்டரிடம் கொடுங்கள். இன்றைய இருப்பு, போன வாரத்து இருப்பு, போன மாதத்து இருப்பு என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். எந்தத் தேதியில் சம்பளம் போடுகிறார்கள், எப்போது வட்டி கட்டுகிறார்கள், தீபாவளிக்கு எவ்வளவு சரக்கு இறக்குகிறார்கள், முதலாளி எந்த மாதம் திணறுகிறார்... எல்லாம் சொல்லிவிடுவார். ஒற்றை எண். ஆனால் தொடர்ச்சியான எண்.

லால் குழு செய்ததும் ஏறக்குறைய அதுதான். அவர்கள் கண்டது: அந்தப் பிரம்மாண்ட ஏரியின் ஏற்ற இறக்கத்தை விவரிக்க நூற்றுக்கணக்கான சங்கதிகள் தேவையில்லை. நான்கு எண்கள் போதும். இன்றைய நிலைமை மாதிரியே முன்பு எப்போதெல்லாம் இருந்தது என்று பேரேட்டைப் புரட்டுவது; அப்போதெல்லாம் அடுத்து என்ன நடந்தது என்று பார்ப்பது; அதிலிருந்து இப்போது நடக்கப்போவதைக் கணிப்பது. கிராமத்துப் பாட்டிகள் செய்கிற வேலைதான். பாட்டியின் ஞாபகம் அறுபது வருஷம். இவர்களுடையது நூற்றி நாற்பது வருஷத்துக்கு மேல்.

எவ்வளவு தூரம் முன்னால் பார்க்கலாம்? சராசரியாகச் சில நூறு நாட்கள். அதற்குமேல் கூட்டு வட்டி விழுங்கிவிடும். ‘இவ்வளவுதானா’ என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். பம்ப் வாங்கலாமா, வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு வருஷ முன்னறிவு என்பது பொக்கிஷம்.

*

எல்லோரும் ஏற்றுக்கொண்டார்களா? இல்லை. கேயாஸைத் தேடுகிறவர்கள் வெறும் இரைச்சலில்கூட அதைக் கண்டுபிடித்துவிடலாம் என்று 1989-லேயே ஆஸ்பர்ன், புரோவென்சாலே என்ற இரு விஞ்ஞானிகள் எச்சரித்திருந்தார்கள். மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் ஒரு தற்செயல் வரிசையும், அந்தச் சோதனையில் ஒழுங்கானது மாதிரியே வேஷம் போடுமாம். நீர் விஷயத்தில் கேயாஸ் உண்மையா, தோற்றமா என்ற சண்டை பல வருஷம் நடந்தது.

இரண்டு கட்சிக்கும் நடுவில் பாலம் கட்டியவர்களில் முக்கியமானவர் பெல்லி சிவகுமார். கோவை பாரதியார் பல்கலைக்கழகத்திலும் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திலும் படித்துவிட்டு, சிங்கப்பூரில் டாக்டர் பட்டம் வாங்கியவர். மழையும் ஆற்று நீரும்தான் அவருடைய களம். 2017-ல் ‘கேயாஸ் இன் ஹைட்ராலஜி’ என்று தலையணை சைஸில் ஒரு புத்தகமே எழுதினார். விதியா, தற்செயலா என்று அடித்துக்கொள்ள வேண்டாம், இரண்டும் கலந்ததுதான் நிஜம் என்பது அவர் கட்சி. எனக்கென்னவோ நம்ம ஊர் வழக்கறிவுக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பழைய பேரேட்டைப் பார்த்துக் கணிப்பதென்றால், கடை அதே கடையாக இருக்கவேண்டும். முதலாளி மாறி, வியாபாரமும் மாறிவிட்டால் பழைய நோட்டு எதற்கு உதவும்? 2022 நவம்பரில் அதே உப்பு ஏரி 1963-ஐவிடக் கிட்டத்தட்ட 3 அடி கீழே போய்விட்டது. வறட்சி ஒரு காரணம். ஏரிக்கு வரவேண்டிய ஆற்றுத் தண்ணீரை வயலுக்கும் ஊருக்கும் திருப்பியது பெரிய காரணம். ‘இப்போது மாதிரியே முன்பு எப்போது இருந்தது’ என்று பேரேட்டைப் புரட்டினால், அப்படி ஒரு பக்கமே இல்லை!

*

சரி, நம்ம கதைக்கு வருவோம்.

காஞ்சிபுரமும் செங்கல்பட்டும் ஒரே மாவட்டமாக இருந்தபோது பொதுப்பணித் துறையின் ஏரிகள் மட்டும் 909. 2019-ல் மாவட்டம் பிரிந்தபோது காஞ்சிக்கு 381 வந்தன. ஒன்றின் கலங்கல் இன்னொன்றின் வரவுக்கால். பல்லவர்களும் சோழர்களும் கோத்துவைத்த மாலை இது. மாமண்டூரில் மகேந்திரவர்மன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் சித்திரமேகத் தடாகம், உத்திரமேரூரில் வைரமேகத் தடாகம் என்று பெயரிலேயே மேகத்தைக் கட்டிவைத்தார்கள்.

உத்திரமேரூர்க் கல்வெட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும். முதலாம் பராந்தக சோழன் காலத்தது, கி.பி. 919, 921. குடவோலை முறைத் தேர்தல் என்று பள்ளியில் படித்தோம். அதில் ‘ஏரி வாரியம்’ என்று ஆறு பேர் கொண்ட குழு உண்டு. பதவிக் காலம் 360 நாள். யார் யாரெல்லாம் நிற்கக்கூடாது என்று ஒரு பட்டியல் வரும் பாருங்கள், அங்கேதான் என்னைப்போன்ற காமர்ஸ்காரனுக்குப் புல்லரிக்கும். முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்கக்கூடாது. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய சொந்தக்காரர்களும் நிற்கக்கூடாது!

1,100 வருஷத்துக்கு முன்னால் கணக்கை இப்படி மதித்திருக்கிறார்கள். நாம்?

செம்பரம்பாக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 நவம்பர் முழுக்கப் பெய்த மழையில் மண் நிறைந்துவிட்டது. ஏரியும் ஏறக்குறைய நிறைந்துவிட்டது. டிசம்பர் 1-ம் தேதி மறுபடியும் கொட்டியது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். அன்று ராத்திரி ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டது. ஒரு சின்னக் கணக்குப் போட்டேன். அந்த வேகத்தில் திறந்தால், உள்ளே வருவது நின்றிருக்கும் பட்சத்தில், முழு ஏரியும் 35 மணி நேரத்தில் காலியாகிவிடும்! அடையாற்றின் இரு கரையிலும் நடந்ததை நான் சொல்லவேண்டியதில்லை. மனிதர்கள் உண்டாக்கிய பேரழிவு என்று மத்திய தணிக்கை அதிகாரியின் அறிக்கை 2018-ல் சொன்னது. ஆடிட்டர் பாஷையில் அதைவிடக் கடுமையான வார்த்தை கிடையாது.

அதற்கு மூன்றரை வருஷம் கழித்து, 2019 ஜூனில் அதே செம்பரம்பாக்கம் வெடித்துக் கிடந்தது. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. முதல் ரயிலில் 50 வேகன்கள், 25 லட்சம் லிட்டர். குடத்தோடு நின்றவர்களுக்கு 2015 ஒரு கனவுபோல இருந்திருக்கும்.

கேயாஸ் தியரி 2015 டிசம்பர் 1-ஐ முன்கூட்டியே சொல்லியிருக்குமா? நிச்சயமாக இல்லை. ஒரு குறிப்பிட்ட நாளின் 49 சென்டிமீட்டரை மாதக்கணக்கில் முன்னால் சொல்லும் வித்தை எதுவும் இல்லை, இருக்கவும் முடியாது என்பதுதான் லாரன்ஸின் பாடம். ஆனால் நவம்பர் கடைசியில், மண்ணும் நிறைந்து ஏரியும் நிறைந்திருக்கும் நிலைமை எவ்வளவு ஆபத்தானது, அந்த நிலைமையில் ஒரு சின்ன மழைக்கும் பெருமழைக்கும் விளைவில் எவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று சொல்லியிருக்கலாம். தேதி தெரியாது, நிலைமை தெரியும். நிலைமை தெரிந்தால், ஏரியில் கொஞ்சம் இடம் விட்டு வைக்கலாம். குடும்ப பட்ஜெட்டில் ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஒதுக்கிவைப்பதில்லையா? எந்தத் தேதியில் ஜுரம் வரும் என்று தெரிந்தா ஒதுக்குகிறோம்?

அந்த நிலைமையைச் சொல்ல என்ன வேண்டும்? கணக்கு. தொடர்ச்சியான, துல்லியமான கணக்கு. மழைக்காலச் செய்திகளைப் பார்த்திருப்பீர்கள். ‘இத்தனை ஏரிகள் நூறு சதவீதம் நிரம்பின, இத்தனை ஏரிகள் 75 சதவீதத்துக்கு மேல், இத்தனை 50-க்கு மேல்...’ ஊர் ஏரிகள் இப்படி மூட்டை கட்டித்தான் நம் காதுக்கு வருகின்றன. 76-ம் 99-ம் ஒரே மூட்டை! 0.506127-ஐ 0.506 என்று அச்சிட்டதற்கே வானிலை முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது. நாம் முழு எண்ணையே முழுங்கிவிட்டுக் கணிப்பு கேட்கிறோம்.

இன்னொன்றும் செய்கிறோம். வரவுக்காலை மூடி மனை போடுகிறோம். கலங்கலுக்குக் கீழே வீடு கட்டுகிறோம். அதாவது, கடையையே மாற்றிக்கொண்டிருக்கிறோம். மிச்சமிருக்கும் பழைய கணக்கும் செல்லாக்காசாகிறது. ஏரி கணிக்க முடியாததாக இருப்பது இயற்கை. அதை மேலும் மேலும் கணிக்க முடியாததாக ஆக்குவது நம் கைங்கரியம்.

பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒவ்வொரு ஊர் ஏரிக்கும் அடி, அங்குலம் குறித்த ஒரு கல். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு நோட்டு. தினம் காலையில் ஒரு பையன் பார்த்து எழுதினால் போதும். யூட்டாவில் மாடு மேய்த்தவர்களின் ஞாபகமே விஞ்ஞானமாக முடிந்தது. நம்ம பிள்ளைகளின் கையெழுத்து முடியாதா? இன்று எழுதுவதன் பலன் நமக்குக் கிடைக்காது. பேரப்பிள்ளைகளுக்குக் கிடைக்கும். ரோடா தீவில் அளந்து எழுதியவர்களுக்கு ஹர்ஸ்டைத் தெரியவா போகிறது?

*

திருப்பருத்திக்குன்றத்துப் பெரியவரிடம் நான் கேட்ட கடைசிக் கேள்வியை இன்னும் உங்களுக்குச் சொல்லவில்லை.

‘‘இன்னும் ரெண்டு மழைன்னீங்களே ஐயா... அந்த ரெண்டு மழை எப்ப வரும்?’’

பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். படித்தவன் இப்படிக் கேட்கிறானே என்கிற சிரிப்பு.

‘‘அது எனக்கெப்படி தம்பி தெரியும்? குழியில தண்ணி இருக்கறது தெரியும். அதனால பாவையும் நூலையும் பரண்மேல ஏத்திட்டேன்.’’

சொல்லிவிட்டு உள்ளே போனார். ஒரு சின்ன வாளியால் குழித் தண்ணீரை மொண்டு வாசலில் ஊற்ற ஆரம்பித்தார். எத்தனை வாளி என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே.